ஏ.டி.எச்.டி குழந்தைகளுக்காக ஆசிரியர், பெற்றோருக்கு எட்டு வாரப் பயிற்சி நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை மதியம், பள்ளி ஹால், புரொஜெக்டர், 120 ஆசிரியர்கள், இடைவேளையில் சமோசாவும் டீயும், கடைசியில் சான்றிதழோடு ஒரு குரூப் போட்டோ. இப்படி நடக்கும் ஒருநாள் ஏ.டி.எச்.டி (கவனக்குறைவும் அதிவேகமும் சேர்ந்த குறைபாடு) பயிற்சிகளில் நானும் சிறப்பாசிரியராகப் போய் நிறையப் பேசியிருக்கிறேன். ஒருமுறை பேசிவிட்டு வந்த மூன்றாவது வாரம் ஒரு மூன்றாம் வகுப்பு டீச்சர் போன் செய்தார். "மேடம், நீங்க சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா அவன் இப்போ பெஞ்சு மேல ஏறி நிக்கிறான். இப்போ நான் என்ன பண்ணட்டும்?" என்னிடம் பதில் இல்லை. மூளையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிய நான், பெஞ்சில் நிற்கும் பையனுக்கு முன்னால் டீச்சர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு தடவைகூட நடித்துக் காட்டவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள் பேச்சுக்கு ஒத்துக்கொள்வதைக் குறைத்துக்கொண்டேன். வாரம் ஒருமுறை, எட்டு வாரம், நடுவில் வீட்டுப்பாடம் என்று மாற்றினேன். பள்ளியிலோ தெரபி சென்டரிலோ பெற்றோர் குழுவிலோ இதைத் தொடங்க நினைப்பவர்களுக்காக, தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் படி: யார் யார் வர வேண்டும்?

ஒரு குழந்தைக்கு மூன்று பேர் கணக்கு: வகுப்பாசிரியர், பெற்றோர், ஒரு தொழில்முறை ஆள். எட்டு குழந்தைகளுக்கு மேல் ஒரு குழுவில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அது மறுபடியும் மேடைப் பேச்சாகிவிடும்.

பெற்றோர் என்றால் அம்மா மட்டும் வருவதுதான் நடைமுறை. அப்பாவும் வரவேண்டுமானால் ஞாயிறு காலை பத்து மணிக்கு வையுங்கள், வேலை நாளில் வைத்துவிட்டு அப்பா வரவில்லையே என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை. பாட்டியையும் கூப்பிடுங்கள். அம்மா வேலைக்குப் போகும் வீட்டில் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் பையனோடு மல்லுக்கட்டுவது பாட்டிதான், ஆனால் அவரை எந்தப் பயிற்சிக்கும் யாரும் அழைப்பதில்லை.

தொழில்முறை ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயம் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டும் சிறப்பாசிரியரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அது. பதிவு எண் என்ன என்று கேட்பது அவமரியாதை ஒன்றும் இல்லை, உண்மையில் படித்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரிடமிருந்து தொடங்கலாம்.

இரண்டாம் படி: பயிற்சிக்கு முன்னால் பரிசோதனை

வகுப்பில் துறுதுறுவென்று இருக்கும் எல்லாரும் ஏ.டி.எச்.டி இல்லை. மனநல டாக்டர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும், 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 கையேட்டின்படி, கவனக்குறைவில் 9 அறிகுறிகள், அதிவேகமும் அவசரமும் சேர்ந்ததில் 9 அறிகுறிகள். 16 வயது வரையுள்ள குழந்தைக்கு இரண்டில் ஏதாவது ஒரு பட்டியலிலாவது 6 இருக்க வேண்டும், அது ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. அப்படியென்றால் டாக்டருக்கு மிக முக்கியமான சாட்சி யார்? ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் குழந்தையைப் பார்க்கும் டீச்சர்தான். அவர் நிரப்பித் தரும் மதிப்பீட்டுப் படிவத்தைப் பத்து நிமிடத்தில் கிறுக்கித் தள்ளாமல், உட்கார்ந்து யோசித்து நிரப்ப வேண்டும்.

கண்ணும் காதும் முதலில் பார்த்துவிடுங்கள். தூக்கத்தையும் கேளுங்கள். சில விநாடி சூன்யத்தைப் பார்ப்பதுபோல் உறைந்துபோய், கூப்பிட்டாலும் தொட்டாலும் திரும்பாத குழந்தைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம், அது வகுப்பில் பகல் கனவு மாதிரியே தெரியும். எழுத்துக் கூட்டி வாசிக்க முடியாத பிள்ளையும் கவனம் இல்லாத பிள்ளையாகத்தான் தெரிவான்.

பெண் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெஞ்சில் ஏறாமல், யாரையும் அடிக்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மூன்றாவது வரியோடு எழுதுவதை நிறுத்திவிடும் பெண்ணை யாரும் அனுப்புவதில்லை. "அமைதியான பொண்ணு, கொஞ்சம் மந்தம்" என்று ரேங்க் கார்டில் எழுதி முடித்துவிடுகிறோம். எட்டு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது எட்டும் பையன்களாக இருந்தால், வகுப்பின் பின் பெஞ்சை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கே போவது? மாவட்ட அரசு மருத்துவமனை வளாகத்தில் மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் இருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு, முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், வேலூர் சி.எம்.சி, பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் ஆகியவையும் உண்டு. டீச்சருக்கு ஒரு விதி: "உங்க பையனுக்கு ஏ.டி.எச்.டி" என்று நீங்கள் சொல்லாதீர்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "பத்து கணக்கு கொடுத்தா மூணு போட்டுட்டு எழுந்துடறான், ஒரு மாசமா தினமும் இப்படித்தான்." அது போதும்.

மூன்றாம் படி: முதல் வாரம், பழியை இறக்கி வைப்பது

முதல் நாள் உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்த்தாலே தெரியும். டீச்சர் வளர்ப்பு சரியில்லை என்று நினைக்கிறார், அம்மா டீச்சர் சரியில்லை என்று நினைக்கிறார், மாமியார் மருமகள் சரியில்லை என்று நினைக்கிறார். இதைக் கலைக்காமல் ஒரு உத்தியும் சொல்லித்தர முடியாது.

இரண்டே இரண்டு தகவல் போதும். ஒன்று, இரட்டையர் ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் ஏ.டி.எச்.டியின் மரபுத் தாக்கம் சுமார் 74 சதவீதம், உயரத்துக்கு இருப்பதை விடக் கொஞ்சம்தான் குறைவு. இதைச் சொன்னதும் பின் வரிசையில் ஏதோ ஒரு அப்பா மெதுவாக, "நானும் சின்ன வயசுல இப்படித்தான் மேடம்" என்பார். அறையில் காற்று மாறுவது அந்த நிமிடத்தில்தான். இரண்டாவது, 2007இல் அமெரிக்காவில் வந்த மூளைப் படிம ஆய்வு: மூளையின் மேற்புறணியில் பாதி இடங்கள் உச்சத் தடிமனை எட்டுவது மற்றக் குழந்தைகளில் ஏழரை வயது வாக்கில் என்றால், ஏ.டி.எச்.டி குழந்தைகளில் பத்தரை வயது வாக்கில். சுமார் மூன்று வருடம் தாமதம். ஆகவே பத்து வயதுப் பையனிடம், தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் விஷயத்தில் மட்டும், ஏழு வயதுக்கான எதிர்பார்ப்பை வையுங்கள். அறிவில் அவன் பத்து வயதுதான். இந்த வித்தியாசம்தான் எல்லாரையும் குழப்புகிறது.

"அப்போ கேம் மட்டும் ரெண்டு மணி நேரம் ஆடறானே?" கட்டாயம் யாராவது கேட்பார்கள். கேம் ஒவ்வொரு விநாடியும் பரிசு கொடுக்கிறது, வாய்ப்பாடு கொடுப்பதில்லை. கவனம் அவனிடம் இருக்கிறது, அதை வேண்டிய இடத்துக்குத் திருப்பும் ஸ்டீயரிங்தான் லூஸாக இருக்கிறது. இனிப்பு பற்றியும் கேட்பார்கள். சர்க்கரையால் சேட்டை கூடுகிறதா என்று பார்த்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 1995இலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பல்லுக்காகக் குறைத்துக்கொள்ளலாம்.

முதல் வார வீட்டுப்பாடம்: எதையும் மாற்ற வேண்டாம், எழுதுங்கள். ஒரு தாளில் மூன்று கட்டம். அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதற்குப் பின் பெரியவர்கள் என்ன செய்தார்கள். தினமும் இரண்டு சம்பவம். ஒரு நாலாம் வகுப்புப் பையனின் தாளில் ஐந்து நாளும் ஒரே கதை: போர்டைப் பார்த்து எழுதும் நேரத்தில் பக்கத்துப் பையனைக் குத்துகிறான், டீச்சர் வெளியே அனுப்புகிறார். அதாவது எழுதுவதிலிருந்து தப்பிக்கக் குத்து ஒரு டிக்கெட். "நான்தான் டிக்கெட் கொடுத்துட்டிருக்கேனா?" என்று அந்த டீச்சரே சிரித்தார். நான் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும்.

நான்காம் படி: இரண்டாம் வாரம், பதினைந்து நிமிடமும் பாராட்டும்

பெற்றோர் பயிற்சித் திட்டங்களில் பலவற்றுக்கு வேர் 1960களில் அமெரிக்காவின் ஓரிகானில் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்ற உளவியலாளர் வகுத்த இரண்டு கட்ட முறை. முதலில் உறவு, அப்புறம்தான் கட்டளையும் கண்டிப்பும். வரிசையை மாற்றினால் வேலை செய்யாது. நான் மாற்றிப் பார்த்துக் கெடுத்திருக்கிறேன்.

தினமும் 15 நிமிடம் குழந்தை சொல்லும் விளையாட்டு. அவன் விளையாடுவான், நீங்கள் கிரிக்கெட் வர்ணனை மாதிரி அவன் செய்வதைச் சொல்வீர்கள். கேள்வி கிடையாது, திருத்தம் கிடையாது, பாடம் கிடையாது. கேட்க எளிதாக இருக்கும். பயிற்சியில் இதை நடிக்கச் சொல்லுங்கள், மூன்றாவது நிமிடம் எந்த அம்மாவாலும் "இது என்ன கலர்? இதுல எத்தனை இருக்கு?" என்று கேட்காமல் இருக்க முடியாது.

பாராட்டு இன்னும் கஷ்டம், ஏனென்றால் நம் வீடுகளில் பிள்ளையை முகத்துக்கு நேரே புகழக் கூடாது, கண் பட்டுவிடும். பாட்டியிடம் வாதம் செய்யாதீர்கள். பிள்ளையைப் புகழ வேண்டாம் பாட்டி, செய்த வேலையை மட்டும் சொல்லுங்கள் என்றால் ஒத்துக்கொள்வார். தொழில்நுட்பப்படியும் அதுதான் சரி. "வெரி குட்" என்பதில் தகவல் ஒன்றுமில்லை. "பெல் அடிச்ச உடனே நோட்டை எடுத்து வெச்சே" என்பதில் இருக்கிறது. டீச்சருக்கான வீட்டுப்பாடம்: அந்தக் குழந்தையிடம் சொன்ன நல்ல வார்த்தைக்கு ஒன்று, திட்டுக்கு ஒன்று என்று இரண்டு கோட்டுக் கணக்கு ஒரு நாள் முழுக்கப் போடுவது. முதல் நாள் கணக்கைப் பார்த்து யாரும் பெருமைப்பட்டதில்லை.

ஐந்தாம் படி: மூன்றாம் வாரம், கட்டளையும் இடமும்

காலை ஏழு மணி: "எழுந்திரிடா, பல்லைத் தேய், யூனிஃபார்ம் எங்க, நேத்தே எடுத்து வைன்னு சொன்னேன்ல, வேன் வந்துடும், இன்னும் குளிக்கலையா?" இதில் இரண்டு கட்டளை, இரண்டு கேள்வி, ஒரு பழைய வழக்கு, ஒரு எச்சரிக்கை. அவன் மூளையில் நிற்பது முதலாவதோ கடைசியோதான். மாற்றம் இப்படி: அடுக்களையிலிருந்து கத்தாமல் அருகில் போங்கள், தோளைத் தொடுங்கள், பெயர் சொல்லுங்கள், ஒரே ஒரு வேலை, கேள்வியாக இல்லாமல். திருப்பிச் சொல்ல வையுங்கள். அப்புறம் மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்தப் பத்து விநாடிதான் பயிற்சி முழுவதிலும் கடினமான பகுதி என்று நினைக்கிறேன்.

உதவி வேலை நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். குளியலறைக் கதவில் படம் போட்ட வரிசை, பையின் மூடிக்குள் ஒட்டிய சீட்டு, கண்ணுக்குத் தெரியும்படி ஓடும் டைமர். சாயங்காலம் கொடுக்கும் அறிவுரை மறுநாள் காலை பத்தே முக்கால் மணிக்கு உதவாது.

வகுப்பில் என்ன? முன் வரிசை, டீச்சர் கைக்கு எட்டும் தூரம், கதவையும் ஜன்னலையும் விட்டுத் தள்ளி, பக்கத்தில் நிதானமான ஒரு பிள்ளை. தண்டனையாகத் தனி மேஜை வேண்டாம். பத்து கணக்கை ஐந்து ஐந்தாகப் பிரித்து, முதல் ஐந்தைக் காட்ட எழுந்து வரச் சொல்லுங்கள், எழுவதற்குச் சட்டப்படி ஒரு காரணம் கிடைத்துவிடும். அட்டெண்டன்ஸ் நோட்டை ஆபீஸில் கொடுப்பது, போர்டு துடைப்பது எல்லாம் அவன் வேலை. தண்டனையாக பி.டி பீரியடைப் பிடுங்கவே பிடுங்காதீர்கள், ஓடித் தீர்க்க வேண்டியவனை உட்கார வைத்தால் அடுத்த பீரியடில் நீங்கள்தான் அனுபவிப்பீர்கள். அடிப்பதும் முட்டி போட வைப்பதும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை என்பதையும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: நாலாவது, ஐந்தாவது வாரம், தினசரி அட்டை

எல்லாவற்றிலும் எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது இது. பள்ளியில் நடந்ததை டீச்சர் ஒரு அட்டையில் குறிப்பார், அதற்கு வீட்டில் அன்றைக்கே பரிசு. அவ்வளவுதான். ஆனால் சின்னச் சின்ன இடங்களில் கெட்டுப்போகும், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

டீச்சரும் அம்மாவும் சேர்ந்து மூன்று இலக்கு தேர்ந்தெடுங்கள். "ஒழுங்கா இருக்கணும்" இலக்கு இல்லை, அதை எண்ண முடியாது. "கை தூக்கிப் பேசினான்", "தன் இடத்தில் இருந்தான்", "கொடுத்த வேலையில் பாதியாவது முடித்தான்" இவை எண்ணக்கூடியவை. மூன்றில் ஒன்று அவனுக்கு ஏற்கெனவே ஓரளவு வருவதாக இருக்கட்டும்.

மூன்று இலக்கு, எட்டு பீரியட், மொத்தம் 24 கட்டம். அட்டையை வீட்டுக்கு அனுப்பாமல் முதலில் மூன்று நாள் ரகசியமாக டீச்சர் குறிக்க வேண்டும். சராசரி 10 வருகிறது என்று வையுங்கள். முதல் வார இலக்கு 24 இல்லை, 20ம் இல்லை, 12. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். முதல் வாரம் அவன் ஐந்து நாளில் நாலு நாளாவது ஜெயிக்க வேண்டும். தோற்றுக்கொண்டே இருந்தால் புதன்கிழமை அட்டை "தொலைந்து" போகும். ஜெயித்துப் பழகியபின் 14, 16 என்று ஏற்றலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் பீரியடுக்கு ஒரு டீச்சர் மாறுவதால், மனமுவந்து குறிக்கத் தயாராக உள்ள மூன்று நாலு பேரோடு தொடங்குங்கள்.

குறிப்பது பத்து விநாடி வேலை. பீரியட் முடிந்த உடனே, அவன் பார்க்கும்படி, அவன் ஏன் வாங்கினான் என்று ஒரு வரியோடு. தவறிய கட்டத்துக்கு ஒன்றுமே சொல்ல வேண்டாம், காலியாக விடுங்கள்.

வீட்டில் பரிசு அன்று சாயங்காலமே. ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குக் கூட்டிப்போகிறேன் என்பது திங்கள்கிழமைப் பையனுக்குப் பரிசே இல்லை. காசு செலவாகாத பட்டியல் ஒன்றை அவனோடு உட்கார்ந்து எழுதுங்கள்: அப்பாவோடு பைக்கில் ஒரு ரவுண்டு, தெருவில் இருபது நிமிடம் கூடுதல் கிரிக்கெட், ராத்திரி தோசையா சப்பாத்தியா என்று முடிவெடுக்கும் அதிகாரம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டிலில் புளியங்கொட்டை போட்டுச் சேர்க்கச் சொல்வேன், சத்தம் கேட்பதே அவர்களுக்குப் பாதிப் பரிசு. போட்ட கொட்டையைக் கோபத்தில் திரும்ப எடுக்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் பரிசு புளித்துவிடும், பட்டியலை மாற்றுங்கள்.

இரண்டு எதிர்ப்பு வரும். "இது லஞ்சம் இல்லையா மேடம்?" தப்பு செய்ய வைக்கக் கொடுப்பது லஞ்சம், வேலை செய்ததற்குக் கொடுப்பது கூலி, நாமும் மாசம் முதல் தேதி அதைத்தான் எதிர்பார்க்கிறோம். "மத்த பிள்ளைங்க எங்களுக்கும்னு கேட்டா?" கண்ணாடி போட்ட பிள்ளையைப் பார்த்து யாரும் எனக்கும் கண்ணாடி வேண்டும் என்று பள்ளியில் போராட்டம் நடத்தியதில்லை. அப்படியும் கேட்டால் வகுப்புக்கே ஒரு பொது அட்டை போடுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை.

இந்த அட்டையைக் கொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. பையன் 17 வாங்கிக்கொண்டு ஓடிவருவான், இலக்கு 16. அப்பா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீதி ஏழு எங்கே?" என்பார். ஐந்தாவது வாரத்தில் அப்பாக்களை மட்டும் எழுப்பி, இந்தக் காட்சியைச் சரியாக நடிக்க வைக்கிறேன்.

ஏழாம் படி: ஆறாவது வாரம், கண்டிப்பு

சிறியது, உடனடியானது, எல்லாரும் ஒரே மாதிரி செய்வது, குரல் உயர்த்தாதது. கவனம் ஈர்க்கச் செய்யும் முனகலையும் முகச்சுளிப்பையும் பார்க்காததுபோல் விடலாம், ஆனால் முதல் சில நாள் அது கூடும் என்று முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் "உங்க முறை வேலை செய்யல" என்று போன் வரும். அடிதடிக்கும் ஆபத்துக்கும் பார்க்காமல் இருப்பது பொருந்தாது, அங்கே உடனே தடுத்து, சில நிமிடம் விளையாட்டிலிருந்து விலக்கினால் போதும்.

எட்டாம் படி: ஏழாவது வாரம், மருந்து பற்றிப் பேச டாக்டரைக் கூப்பிடுவது

இதை நாமே பேசக் கூடாது. ஆனால் பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2019 வழிகாட்டுதல்படி 4 முதல் 6 வயதுக்குள் இருப்பவர்களுக்கு முதலில் பெற்றோர் பயிற்சியும் வகுப்பறை மாற்றமும்தான், 6 வயதிலிருந்து மருந்தும் பயிற்சியும் சேர்த்து. மீதைல்பெனிடேட், அட்டமாக்சிடின் ஆகிய பெயர்களைக் கேள்விப்படுவீர்கள். மீதைல்பெனிடேட் கடும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, எல்லா மெடிக்கலிலும் இருக்காது. அதில் பசியும் தூக்கமும் குறையலாம், அதனால் காலை மாத்திரைக்கு முன்னால் வயிறு நிறைய இட்லி, அவ்வப்போது எடையும் உயரமும். டீச்சர் செய்ய வேண்டியது எந்தப் பீரியடில் எப்படி இருந்தான் என்று எழுதித் தருவது. எல்லார் முன்னாலும் "இன்னிக்கு மாத்திரை போடலையா?" என்று கேட்காமலிருப்பது.

சான்றிதழ் கேள்வியும் இந்த வாரம் வரும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஏ.டி.எச்.டி தனியாக இல்லை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நிறைய. எழுத வாசிக்கச் சிரமம் இருந்தால் அதையும் சோதித்துவிடுங்கள், தேர்வுச் சலுகைக்கு வழி அதுதான்.

பயிற்சி நடத்துபவருக்கு

ஒன்றரை மணி நேரத்தில் முதல் அரை மணி போன வார வீட்டுப்பாடத்துக்கு. செய்யாதவரைத் திட்டாதீர்கள், எது தடுத்தது என்று கேளுங்கள். ஸ்லைடு ஐந்துக்கு மேல் வேண்டாம், மீதி நடிப்பு. நடு வாரத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து நிமிடம் போன். பயிற்சிக்கு முன்னால் டீச்சர் நிரப்பிய அதே மதிப்பீட்டுப் படிவத்தை எட்டாவது வாரம் மறுபடி நிரப்ப வையுங்கள், இல்லாவிட்டால் "கொஞ்சம் பரவாயில்ல" என்பதற்கு அர்த்தம் தெரியாது. பயிற்சியால் ஏ.டி.எச்.டி போய்விடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கமில்லாமல் அழும் அம்மா ஒருவராவது எந்தக் குழுவிலும் இருப்பார், அவருக்கும் தனியாக உதவி தேவை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

எட்டாவது வாரம்: ஜூன் மாதத்துக்கான ஒரு பக்கம்

ஜூனில் வகுப்பு மாறும், டீச்சர் மாறுவார், பாடுபட்டதெல்லாம் பழைய வகுப்பறையிலேயே நின்றுவிடும். அதனால் கடைசி வாரம் டீச்சரும் பெற்றோரும் உட்கார்ந்து அடுத்த டீச்சருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதுகிறார்கள். அவனுக்கு என்ன பிடிக்கும், எந்த நேரத்தில் தடுமாறுவான், எது வேலை செய்தது, எதைச் செய்யவே கூடாது, அட்டையில் இப்போதைய இலக்கு எத்தனை. அடியில் நாலு வரி காலியாக விட்டு அதைக் குழந்தையே எழுத வேண்டும். போன வருடம் ஒரு பையன் நிரப்பியது: "மிஸ், என்னைத் திட்டணும்னா பக்கத்துல வந்து திட்டுங்க. தூரத்துல இருந்து திட்டினா பாதிதான் கேக்கும்."